விடை சரி, ஆனால் எந்த வரி? சீனப் பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்புப் பயிற்சி

[திரையில்: ஓர் ஆங்கில வினாத்தாள். நீளமான பத்தி, கீழே கேள்விகள். ஏ, பி, சி, டி கட்டங்களில் ஒன்றைப் பென்சில் கறுப்பாக நிரப்புகிறது.]

குரல்:
வணக்கம். சீனாவில் 9ஆம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் ஒரு தேர்வு எழுதுகிறார்கள். அதன் பெயர் சோங்காவ். கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவ் பற்றி நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சோங்காவ் அதற்கு மூன்று வருடம் முன்னால் வருவது. 15 வயதில் எழுதும் இந்தத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துத்தான் பிள்ளை பொது மேல்நிலைப் பள்ளிக்குப் போகுமா, தொழிற்பள்ளிக்குப் போகுமா என்பது முடிவாகிறது. தொழிற்பள்ளிக்குப் போகிறவர்களும் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. அதனால் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் வீட்டில் பெரிய கவலை.

சீனமொழி, கணக்கு, இவற்றோடு ஆங்கிலமும் முக்கியப் பாடம். வினாத்தாளை அந்தந்த ஊரோ மாகாணமோ தயாரிப்பதால் அமைப்பு இடத்துக்கு இடம் மாறும். பெய்ஜிங்கில் ஆங்கிலத்துக்கு மொத்தம் 100 மதிப்பெண். அதில் 60 எழுத்துத் தேர்வு, 40 கணினி முன்னால் உட்கார்ந்து கேட்பதற்கும் பேசுவதற்கும். ஆனால் எந்த ஊர்த் தாளை எடுத்தாலும் ஒன்று மாறாது: பத்தியைப் படித்துக் கேள்விக்கு விடை சொல்லும் பகுதி. பிள்ளைகள் அதிகம் உழைப்பதும், உழைத்தும் அதிகம் கோட்டைவிடுவதும் அங்கேதான். இந்த வீடியோ அதைப் பற்றி.

[திரையில்: 3ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை நீளும் ஒரு கோடு. அதன் முடிவில் "1600 சொற்கள்".]

குரல்:
சீனக் கல்வி அமைச்சகம் 2001இல் 3ஆம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் தொடங்கலாம் என்று வழிகாட்டியது. 2022இல் வந்த பாடத்திட்டத் தரநிலை, 9ஆம் வகுப்பு முடிவதற்குள் சுமார் 1600 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. பாடப்புத்தகத்துக்கு வெளியே 1,50,000 சொல் அளவுக்காவது ஆங்கிலம் வாசித்திருக்க வேண்டும் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. கேட்கப் பெரிய எண்ணாகத் தெரியும். 7ஆம் வகுப்பிலிருந்து 9ஆம் வகுப்பு வரை மூன்று வருடத்துக்குப் பங்கு போட்டுப் பாருங்கள், ஒரு நாளைக்கு 140 சொல் கூட வராது. தேர்வுத்தாளில் வரும் ஒரு பத்தியை விடக் குறைவு. அந்த அளவு கூடப் பல பிள்ளைகள் வாசிப்பாக வாசிப்பதில்லை, கேள்விக்கு விடை தேடும் வேட்டையாகத்தான் கடக்கிறார்கள். எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

அங்கே இதை ஷுவாதி என்பார்கள். ஒரு பயிற்சி முடிந்ததும் அடுத்தது, அது முடிந்ததும் அடுத்தது என்று கேள்விகளை மளமளவென்று போட்டுத் தள்ளுவது. கடைசிப் பக்கத்தைத் திருப்பி விடையைச் சரிபார்த்து, தப்புக்குச் சிவப்புக் கோடு போட்டு, புத்தகத்தை மூடிவிடுவார்கள். பத்தியைத் திரும்பப் பார்ப்பதே கிடையாது.

சரி, ஒரு பத்தியை எடுத்து நாமே செய்து பார்ப்போம். இந்த வீடியோவுக்காக எழுதியது. உண்மையில் ஆங்கிலத்தில் இருக்கும், உங்களுக்குத் தமிழில் காட்டுகிறேன். சீனத் தேர்வுத்தாள்களில் கடிதம் எழுதும் மாணவனுக்கு வழக்கமாக வைக்கும் பெயர் லி ஹுவா. நாமும் அதையே வைத்துக்கொள்வோம்.

[திரையில் பத்தி மெதுவாக மேலேறுகிறது:
"லி ஹுவாவின் தாத்தா காலைச் சந்தையில் காய்கறி விற்கிறார். லி ஹுவா அவருக்கு ஒரு ஃபோன் வாங்கித் தந்தான். பணம் வாங்கும் கியூஆர் கோடு அட்டையையும் கடையில் தொங்கவிட்டான். தாத்தா ஃபோனைத் தொடவே இல்லை. 'எனக்குக் காசு போதும்டா. ராத்திரி உட்கார்ந்து அதை எண்ணினால்தான் திருப்தி' என்றார். ஒரு வாரம் ஆயிற்று. வசந்த விழாவுக்கு அம்மா கொடுத்த பணத்தில் லி ஹுவா வாங்கிய ஃபோன் இன்னும் இழுப்பறையிலேயே இருந்தது. ஒரு நாள் காலை ஒரு பெண் இரண்டு கட்டு கீரை எடுத்தாள். கையில் காசு இல்லை. கீரையைத் திரும்ப வைக்கப் போனாள். தாத்தா இழுப்பறையைத் திறந்தார். அன்று இரவு அவர் காசை எண்ணவில்லை. 'பணம் வந்ததும் இது குரல் கொடுக்கிறதே, அதை இன்னும் சத்தமாக வைக்க முடியுமா?' என்று பேரனிடம் கேட்டார்."]

குரல்:
முதல் கேள்வி எளிது. அந்தப் பெண் ஏன் கீரையைத் திரும்ப வைக்கப் போனாள்? பத்தியில் "கையில் காசு இல்லை" என்று அப்படியே இருக்கிறது. ஆனால் சரியான விடையில் அந்தச் சொற்கள் இருக்காது. "தாத்தா கேட்கும் விதத்தில் அவளால் பணம் கொடுக்க முடியவில்லை" என்று வேறு சொற்களில் இருக்கும். பத்தியில் உள்ள கீரை, காசு, இரண்டு கட்டு எல்லாம் அச்சு மாறாமல் வருவது தவறான விடையில்தான். "இரண்டு கட்டு கீரைக்கு அவளிடம் இருந்த காசு பத்தவில்லை" என்று வைத்திருப்பார்கள். சொல்லைப் பார்த்துச் சொல்லோடு பொருத்துகிற பிள்ளை நேராக அங்கே போய் விழும். பொருளைப் பார்த்த பிள்ளை தப்பிக்கும்.

[திரையில்: "ஃபோன் இன்னும் இழுப்பறையிலேயே இருந்தது" என்ற வரி மட்டும் பெரிதாகிறது.]

குரல்:
இரண்டாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இழுப்பறையில் இருந்தது எது? தமிழில் படித்த உங்களுக்கு இது ஒரு கேள்வியாகவே தெரியாது. ஃபோன் என்று சட்டென்று சொல்வீர்கள். காரணம், தமிழில் "அம்மா கொடுத்த பணத்தில் லி ஹுவா வாங்கிய" என்ற விளக்கம் முழுவதும் முன்னால் வந்துவிடுகிறது, ஃபோன் கடைசியில், வினைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. சீனமொழியும் இப்படித்தான். விளக்கம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதை முன்னால் வைத்து, த என்ற ஒற்றை எழுத்தால் பெயரோடு ஒட்டிவிடும்.

ஆங்கிலம் தலைகீழ். ஃபோன் முதலில் வரும். அப்புறம் லி ஹுவா வாங்கியது, அப்புறம் பணம், அப்புறம் அம்மா கொடுத்தது, வசந்த விழா. இத்தனையும் தாண்டிய பிறகுதான் "இழுப்பறையில் இருந்தது" என்ற வினை வரும். அதற்குள் ஃபோன் ஒன்றரை வரி பின்னால் போய்விட்டது. சீனமொழியில் பழகிய கண் வினைக்குப் பக்கத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று தேடும். இழுப்பறையில் இருக்கக்கூடிய பொருளாக அந்தப் பக்கத்தில் தெரிவது பணம். உடனே "அம்மா கொடுத்த பணம்" என்ற விடையைக் கறுப்பாக்கிவிடும். அந்தப் பிள்ளைக்கு அந்த வரியில் ஒரு சொல் கூடத் தெரியாமல் இல்லை. எல்லாச் சொல்லும் தெரியும், வாக்கியம்தான் பிடிபடவில்லை. இதற்கு இன்னும் 200 சொல் மனப்பாடம் செய் என்று சொல்வது சரியான மருந்து இல்லை.

[திரையில்: வாக்கியத்தின் நடுப்பகுதியைச் சுற்றி அடைப்புக்குறி விழுகிறது. உள்ளே இருப்பது மங்குகிறது. "ஃபோன்... இழுப்பறையில் இருந்தது" மட்டும் மிச்சம்.]

குரல்:
சரியான மருந்து இதோ. நல்ல ஆசிரியர்கள் பென்சிலால் நடுவில் உள்ள விளக்கத்தை அடைப்புக்குள் போடச் சொல்கிறார்கள். மிச்சம் இருக்கும் எலும்புக்கூட்டைப் படி: ஃபோன் இருந்தது. எங்கே? இழுப்பறையில். அப்புறம் அடைப்பைத் திற: எந்த ஃபோன்? நீளமான வாக்கியம் வரும்போதெல்லாம் இதைச் செய்தால், சில மாதங்களில் பென்சில் இல்லாமலே கண் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். நம் ஊரில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கும் இதே வாக்கியத்தில் இதே இடத்தில் இடறும். தமிழும் சீனமும் உறவு இல்லாத மொழிகள், ஆனால் இந்த விஷயத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன.

"ராத்திரி உட்கார்ந்து அதை எண்ணினால்" என்ற வரியில் "அதை" எதைக் குறிக்கிறது என்றும் ஒரு கேள்வி கட்டாயம் வரும். சீனப் பேச்சில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே ஒலி, த்தா. சந்தர்ப்பம் புரிந்தால் அதையும் விட்டுவிடுவார்கள். ஆங்கிலப் பத்தியில் ஒவ்வொரு சுட்டுச்சொல்லும் யாரை, எதைப் பிடித்திருக்கிறது என்று ஒரு கோடு இழுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மூன்றாவது கேள்வி. கடைசியில் ஃபோனைப் பற்றித் தாத்தாவின் நிலை என்ன?

[திரையில்:
ஏ. அதைக் கண்டு பயப்படுகிறார்.
பி. மெல்ல ஏற்றுக்கொள்கிறார்.
சி. பேரன்மேல் கோபமாக இருக்கிறார்.
டி. இனிமேல் காசே வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.]

குரல்:
ஏ, சி இரண்டையும் எளிதாகத் தள்ளிவிடலாம். போட்டி பி-க்கும் டி-க்கும். டி-யைப் போடுகிற பிள்ளைகள் பத்தியைக் கவனமாகவே படித்தவர்கள். "அன்று இரவு அவர் காசை எண்ணவில்லை" என்ற வரி அவர்களுக்கு நினைவிருக்கிறது. ஆனால் அது ஓர் இரவு. ஓர் இரவை வைத்து வாழ்நாள் முழுவதையும் முடிவு செய்ய அந்த வரி இடம் கொடுக்கவில்லை. பி-க்கு மட்டும்தான் ஆதாரம் இருக்கிறது: சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார். ஒதுக்கி வைக்க நினைக்கிற பொருளின் குரலை யாரும் கூட்டச் சொல்ல மாட்டார்கள்.

சீன வகுப்பறைகளில் தவறான விடைகளுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள், எல்லாம் நான்கெழுத்துப் பழஞ்சொற்கள். ஒரு பகுதியைப் பார்த்து முழுவதையும் முடிவு கட்டுவது ஒரு வகை, நம் டி அதுதான். பத்தியில் இல்லாததைப் புதிதாக உண்டாக்குவது இன்னொன்று. ஜாங்கின் தொப்பியை லீயின் தலையில் வைப்பது மற்றொன்று, அதாவது தாத்தா செய்ததைப் பேரன் செய்ததாகச் சொல்வது. இந்த வகைகளைத் தெரிந்துகொள்வது உண்மையிலேயே உதவும். தான் போட்ட தப்பு எந்த வகை என்று பிள்ளை பெயர் சொல்லிவிட்டால், அடுத்த முறை அதே பொறியில் விழுவது குறையும்.

ஆனால் இன்னொரு ரகமும் சுற்றுகிறது. "மூன்று நீளம், ஒன்று குட்டை என்றால் குட்டையை எடு. மூன்று குட்டை, ஒன்று நீளம் என்றால் நீளத்தை எடு." சீனப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த வாய்ப்பாடு இது. இதைச் சொல்லிக்கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தப்பித்தவறி ஒரு மதிப்பெண் கிடைத்தாலும், பத்தியைப் படிக்காமலே விடை போடலாம் என்ற எண்ணத்தை அது பிள்ளையின் மனதில் ஊன்றிவிடுகிறது.

[திரையில்: நெல் வயல். வைக்கோல் தொப்பி அணிந்த ஒருவர் கதிரைக் கையில் பிடித்துப் பார்க்கிறார்.]

குரல்:
அதே எண்ணம் வேறு வழியிலும் வரும். சீனத் தாள்களில் கலப்பின நெல் விஞ்ஞானி யுவான் லோங்பிங், 2015இல் நோபல் பரிசு வாங்கிய து யோயோ, தேநீர், நிழற்பாவைக் கூத்து என்று உள்நாட்டு விஷயங்கள் நிறைய வருகின்றன. பிள்ளைக்கு அந்தக் கதை சீனமொழிப் பாடத்திலேயே தெரியும். அதனால் பத்தியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, உலகத்தில் உண்மையான ஒரு விடையைப் போடும். கேள்வி கேட்பதோ இந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்று. தெரிந்த விஷயம் வரும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும்.

அப்புறம், தெரியாத சொற்கள். நியூசிலாந்து மொழியியல் அறிஞர் பால் நேஷன், ஹு என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 2000இல் வெளியிட்ட ஆய்வு இதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. யார் துணையும் இல்லாமல் ஒரு கதையை நன்றாகப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் கண்டார்கள். 250 சொல் உள்ள பத்தியில் தெரியாதது ஐந்து வரை இருக்கலாம். அந்த ஐந்தை முன்பின் வரிகளை வைத்து ஊகிக்கலாம். 25 சொல் தெரியவில்லை என்றால் ஊகிக்க ஆதாரமாக நிற்கும் வரிகளே உடைந்துபோகும். அந்தப் பிள்ளைக்குக் கடினமான தாள்களை மேலும் மேலும் கொடுப்பது கொடுமை. ஒரு படி கீழே இறங்கி, எளிதான கதைகளை நிறைய வாசிக்கக் கொடுக்க வேண்டும். சைனா டெய்லி நிறுவனமே பள்ளி மாணவர்களுக்கென்று ஆங்கிலச் செய்தித்தாள் போடுகிறது. நிலை வாரியாக எளிமைப்படுத்திய கதைப் புத்தகங்களும் கிடைக்கின்றன. கேள்வியே இல்லாமல், பிடித்ததை வாசிக்கும் அந்த நேரம் வீண் இல்லை. தரநிலை கேட்கும் 1,50,000 சொல் அப்படித்தான் சேரும்.

நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வீட்டுப்பாடத்தையும் டியூஷனையும் குறைக்க 2021 ஜூலையில் வந்த ஷுவாங்ஜியான் கொள்கைப்படி, 7 முதல் 9ஆம் வகுப்பு வரை எழுத்து வீட்டுப்பாடம் எல்லாப் பாடமும் சேர்த்து ஒரு நாளைக்கு 90 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்துக்கு அதில் கிடைப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் மூன்று பத்தி ஓட்டுவதை விட ஒரே பத்தியை முழுதாகச் செய்யலாம்.

[திரையில்: பத்தியின் வரிகளுக்குக் கீழே கோடுகள், ஓரத்தில் 1, 2, 3 என்று கேள்வி எண்கள்.]

குரல்:
முழுதாக என்றால் இப்படி. ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வரியின் கீழே கோடு போட்டு, ஓரத்தில் கேள்வி எண்ணை எழுத வேண்டும். சீன ஆசிரியர்கள் இதைத் திங்வெய் என்பார்கள், இடத்தைக் கண்டுபிடிப்பது. கோடு போட வரி கிடைக்கவில்லை என்றால், விடை சரியாகவே இருந்தாலும் அது குருட்டாம்போக்கு. தப்பாகப் போன கேள்விக்கு, சரியான விடையின் வரியோடு, தான் ஏன் மற்றதை நம்பினோம் என்று அரை வரி சீனமொழியிலேயே எழுதட்டும். கடைசியாகப் பத்தியை ஒருமுறை வாய்விட்டு வாசிக்கட்டும்.

இதற்கு வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெற்றோர் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் சீனக் கிராமங்களில் ஏராளம். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த விடை எந்த வரியில் இருக்கிறது? காட்டு. அந்த வரி என்ன சொல்கிறது?" என்று கேட்டால் போதும். பிள்ளை தன் மொழியில் விளக்கும்போது தடுமாறினால், எந்த இடத்தில் புரியவில்லை என்பது பாட்டிக்கும் தெரிந்துவிடும், பிள்ளைக்கும் தெரிந்துவிடும். அந்த இடத்தை ஒரு நட்சத்திரம் போட்டு வைத்து மறுநாள் ஆசிரியரிடம் கேட்கலாம்.

பத்தியின் நடுவே சொற்களை எடுத்துவிட்டு நிரப்பச் சொல்லும் வான்ஷிங் தியான்கோங் என்ற பகுதியை இதில் தொடவில்லை. அதற்கு வேறு மாதிரி வாசிக்க வேண்டும், அதனால் தனி வீடியோவாகவே போடுகிறேன். உங்கள் பிள்ளைகள் ஆங்கிலப் பத்தியில் எந்த மாதிரி வாக்கியத்தில் இடறுகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவுக்கான வரிகளை அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.