ஒத்தச்சக்கர வண்டியோட அழகு

நெல்லை வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். வீடு கட்டுற எடத்துல செங்கல்லும் கலவையும் தள்ளிட்டுப் போவாவல்லா, முன்னால ஒரே சக்கரம், பின்னால ரெண்டு கைப்பிடி, அந்த வீல்பாரோ எவ்வளவு அழகுன்னு பேசத்தான் வந்திருக்கேன். ஆமா, அழகுன்னுதான் சொல்லுதேன்.

வீட்டுப் பாக்குவெட்டிய நெனச்சுக்கோங்க. ஒரு முனையில ஆணி, நடுவுல பாக்கு, மறு முனையில நம்ம கை. வண்டியும் அதே கணக்குதான், ஆணி இருக்க எடத்துல சக்கரம், பாக்கு இருக்க எடத்துல செங்கல். பாரம் சக்கரத்துகிட்ட போகப் போக கைக்கு லேசு. அதுக்காகத்தான் தொட்டி முன்னால சாஞ்சிருக்கு, பிடி பின்னால நீளுது, அந்தச் சாய்வும் நீளமும் சேந்து கண்ணுக்கு எவ்வளவு நல்லாருக்கு!

பேட்டைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில அண்ணாச்சி ஒருத்தர் இத செய்வாரு. நீளமா ஒரே பைப்பு, ஒரு பிடியில ஆரம்பிச்சு சக்கரத்தச் சுத்திப் போயி அடுத்த பிடியில முடியும், நடுவுல ஒட்டே கெடையாது. ரெண்டு துண்டா ஒட்டுனா சீக்கிரம் முடியுமே அண்ணாச்சின்னு கேட்டேன். "ஒட்டுன எடத்துலதான்யா மொதல்ல விடும், பாக்கவும் நல்லாருக்காது"ன்னாரு. பலமும் அழகும் அவருக்கு ஒரே மூச்சுல வருது பாத்தீயளா. பிடிக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க மாட்டாரு, சித்தாள் அக்காமாரு கை பட்டுப் பட்டு அது தன்னால மினுங்குமாம். நானும் பாத்திருக்கேன், மினுங்கத்தான் செய்யுது.

1937ல பாரிசுல ஆஸ்கார் டொமிங்கஸ்னு ஒரு ஓவியர் இந்த வண்டித் தொட்டிக்குள்ள பஞ்சு வச்சு சாட்டின் துணி தச்சுட்டாரு, மேன் ரேன்னு ஒரு போட்டோக்காரரு அதுல கவுன் போட்ட ஒரு பொண்ணச் சாஞ்சு படுக்க வச்சு போட்டோ எடுத்தாரு. எனக்கு ரொம்பப் பிடிச்ச போட்டோ. ஆனா அந்தப் பொண்ணு அவ்வளவு வாகா சாஞ்சிருக்கதுக்கு துணியா காரணம்? செங்கல்லுக்குன்னு போட்ட சாய்வுல்லா அது! அதே சாய்வுதான் பேட்டையிலயும்.

மணியப் பாக்கச் சொல்லுதாவ. சீனா வண்டியப் பத்தி வெலாவாரியா பேசணும்னு இருந்தேன், பெரிய சக்கரம் நடுவுல, பாரம் அதுக்கு ரெண்டு பக்கமும், அதனால தள்ளுறவர் கையில சுமை ரொம்பக் கொறச்சல், காத்து நல்லா அடிச்சா பாய் வேற கட்டி ஓட்டியிருக்காவ. இன்னிக்கு இவ்வளவுதான், வணக்கம்.