காங்கேயம் மாட்டுப்பட்டி ஊரின் மரபே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் நடத்திவரும் மாட்டுப்பண்ணை அந்தக் குடும்பத்தின் சொத்தா, ஊரின் மரபா என்பதே இன்றைய வழக்கு. நிலமும் மாடும் செலவும் குடும்பத்தினுடையவை, ஆகவே அது சொத்துதான் என்று எதிரணித் தலைவர் வாதிட்டார். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதில் எங்களுக்குச் சண்டையே இல்லை. பட்டாவில் எழுத முடியாத ஒன்று அந்தப் பண்ணைக்குள் இருக்கிறது என்கிறோம்.

கொங்கு நாட்டின் காங்கேயம் மாட்டைப் பாருங்கள். செந்நிறத்தில் பிறக்கும் கன்று ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும் இந்த இனத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர், அதாவது பரம்பரைத் தலைவர், நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாருக்குப் பெரும்பங்கு உண்டு. அதை மனமாரப் போற்றுகிறோம். ஆனால் ஒரே பட்டிக்குள் ஓர் இனம் வாழ்ந்துவிட முடியுமா? ஒரு காளையை அதன் வழிவந்த கிடாரிகளோடேயே சேர்த்துக்கொண்டிருந்தால் சில தலைமுறைகளில் கன்றுகள் நலிந்துபோகும் என்பதால், பண்ணையின் பொலிகாளை அக்கம்பக்கத்துப் பசுக்களுக்கும் பயன்பட வேண்டும், அங்கே பிறந்த நல்ல கிடாரி இந்தப் பட்டிக்கு வந்து சேரவும் வேண்டும். கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவில் கூடும் மாட்டுச் சந்தை இந்தப் போக்குவரத்துக்குத்தான் வழி செய்தது.

கொறங்காடும் அப்படியே. கிளுவை உயிர்வேலி, கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம் என்று அமைந்த அந்த மேய்ச்சல் நிலத்தில், புல் அடியோடு அற்றுப்போகுமுன் மாடுகளை எப்போது அடுத்த கொறங்காட்டுக்கு மாற்றவேண்டும் என்பதை அறிந்தவர்களில் நில உரிமையாளர் மட்டுமல்லர், வேலி கட்டியவரும் மாடு மேய்த்தவரும் உண்டு. அவர்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நட்டத்தைக் குடும்பம்தானே சுமக்கிறது என்று கேட்டார்கள். உண்மைதான். உழவுக்கும் வண்டிக்கும், மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலைக்கும் பெயர்பெற்ற இந்த மாட்டின் வேலையை டிராக்டரும் மோட்டாரும் எடுத்துக்கொண்டன. கறவையில் கலப்பின மாட்டோடு அது போட்டியிட இயலாது. ஊருக்கெல்லாம் பயன் தந்த ஒன்றின் சுமையை ஒரு வீட்டின் தலையில் ஏற்றிவைத்தது சொத்து என்ற அந்த எண்ணமே அல்லவா?

சொத்து மட்டுமே என்றால், வீட்டுமனைக்கு நல்ல விலை வந்ததும் கொறங்காட்டை விற்பதே சரியான கணக்காகிவிடும். அந்தப் பட்டியின் காளையை நம்பி இரண்டு பசு வளர்க்கும் சிறு விவசாயி அதன்பின் எங்கே போவார்? எதிரணி இதற்கு இன்னும் பதில் தரவில்லை. அதைக் கேட்டபின் தாங்கள் தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.