ரோபஸ்டாவின் கசப்பு எங்கிருந்து வருகிறது?

(காட்சி: உள்ளங்கையில் வறுக்காத இரண்டு காபிக் கொட்டைகள்)

வணக்கம். இந்த இரண்டு கொட்டைகளையும் உற்றுப் பாருங்கள். ஒன்று கொஞ்சம் நீளம், நடுக்கோடு நெளிந்து ஓடுகிறது. அது அராபிகா. இன்னொன்று உருண்டை, கோடும் ஏறக்குறைய நேராக இருக்கிறது. அதுதான் ரோபஸ்டா.

"ரோபஸ்டாவா? மட்டம்தான்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏனென்றால் அராபிகாவைப் பெற்றதே இந்தச் செடிதான். காட்டில் ரோபஸ்டாவும் யூஜெனியாய்டிஸ் என்ற இன்னொரு காபிச் செடியும் இயற்கையாகக் கலந்ததில் பிறந்ததுதான் அராபிகா.

(காட்சி: மழைக்குப் பின் கிளை முழுக்க வெள்ளைப் பூக்கள்)

சரி, இதன் சொந்த ஊர் எது? ஆப்பிரிக்காவின் மேற்கிலும் நடுவிலும் உள்ள வெப்பக் காடுகள். தாழ்வான, சூடான இடங்களில் பூச்சித் தொல்லை அதிகம். காபியில் இருக்கும் கசப்பான பொருளான காஃபீன் பூச்சிகளுக்கு விஷம். ரோபஸ்டா கொட்டையில் அது 2 சதவீதத்துக்கு மேல், அராபிகாவில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் கசப்புக்குக் காஃபீன் மட்டும் காரணமில்லை. குளோரோஜெனிக் அமிலங்களும் இதில் கூடுதல், வறுக்கும்போது அவை கசப்பாக மாறுகின்றன. அதை மட்டுப்படுத்தும் சர்க்கரையோ குறைவு.

(காட்சி: இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி)

இதுதான் இலைத்துரு நோய். 1869-ல் இலங்கையில் தலைகாட்டி, அங்கிருந்த அராபிகா தோட்டங்களையே அழித்தது. ஜாவாவிலும் அதே கதை. 1900-ஐ ஒட்டி அங்கே ரோபஸ்டா நாற்றுகளை நட்டார்கள். அவை நோயைத் தாங்கி நின்றன. வலிமையானது என்று பொருள்படும் பெயர் சும்மா வரவில்லை.

இன்னொரு குணம். தன் மகரந்தத்தாலேயே ரோபஸ்டா காய்க்காது. ரோபஸ்டாவிலேயே வேறு ரகச் செடியின் மகரந்தம் காற்றிலோ தேனீயிலோ வந்து சேர வேண்டும். அதனால் தோட்டத்தில் சில ரகங்களைக் கலந்தே நடுகிறார்கள்.

(காட்சி: பச்சை, மஞ்சள், சிவப்புப் பழங்கள் கலந்த ஒரு கொத்து)

அப்புறம், இந்தக் கொத்தைப் பாருங்கள். இதை ஒரே இழுப்பில் உருவி, பச்சையும் பழமுமாகத் தரையில் காயப்போட்டால் மண்வாடையும் ரப்பர் வாடையும் வராமல் என்ன செய்யும்? பழியோ செடிமேல் விழுகிறது. பழுத்ததை மட்டும் பறித்து, தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த ரோபஸ்டாவில் கொக்கோவும் வறுத்த பருப்பும் மணக்கும். இதற்குச் செடியும் ஒத்துழைக்கிறது. பழுத்த அராபிகா சீக்கிரம் உதிர்ந்துவிடும். ரோபஸ்டா பழமோ, மற்றவையும் சிவக்கும்வரை காம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.