மழை வந்தது, மூச்சு நின்றது: மெல்போர்னின் மகரந்தக் கணக்கு

[காட்சி: மொட்டை மாடியில் காற்றடிக்கும் பக்கம் திரும்பும் ஒரு சிறு கருவி]

இந்தக் கருவி நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சும். சும்மா உட்கார்ந்திருப்பவர் இழுக்கும் மூச்சும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உள்ளே பசை தடவிய நாடா. காற்றில் வரும் மகரந்தம் அதில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒருவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து எண்ணுவார். ஒவ்வொன்றாக!

மெல்போர்னில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புல் பூக்கும் காலம். சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களின் ரை புல் மகரந்தத்தை வடக்குக் காற்று ஊருக்குள் அள்ளி வரும். ஒரு கன மீட்டர் காற்றில் 20 துகளுக்குக் கீழே என்றால் குறைவு. 50ஐத் தொட்டால், ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குத் தும்மலும் கண் அரிப்பும் உறுதி. சீசன் போகப் போக மூக்கு புண்ணாகிவிடுவதால், அதைவிடக் குறைவே போதும்.

சரி, எண் ஏறினால் தொல்லை ஏறும், அவ்வளவுதானே?

2016 நவம்பர் 21. வெயில் 35 டிகிரி. மகரந்தம் 100க்கு மேல். மாலையில் இடியும் மழையுமாகக் குளிர்காற்று புகுந்தது. மழை பெய்தால் காற்று சுத்தமாகும் என்றுதானே நினைப்போம்? அடுத்த 30 மணி நேரத்தில், மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுகளுக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிட 3,000 பேருக்கும் மேல் அதிகம். 10 பேர் இறந்தார்கள்.

[காட்சி: ஈரம் பட்டு உப்பி வெடிக்கும் மகரந்தத் துகள்]

ரை புல்லின் முழு மகரந்தம் பெரியது, மூக்கிலேயே சிக்கிக்கொள்ளும். ஈரம் குடித்தால் வெடிக்கும். ஒன்றுக்குள் சுமார் 700 மாவுத் துணுக்குகள், ஒவ்வொன்றும் 3 மைக்ரோமீட்டருக்கும் சிறியது. புயல்காற்று இவற்றைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிட, நேரே நுரையீரலுக்குள் போய்விடும். அதனால்தான் அதுவரை ஆஸ்துமாவே வராத, வெறும் தும்மல்காரர்களும் அன்று மாட்டிக்கொண்டார்கள். இந்தியா உட்பட ஆசிய வம்சாவளியினர் அவர்களில் கணிசம்.

2017 முதல் அங்கே புல் மகரந்தத்தையும் இடிமழையையும் சேர்த்தே பார்த்து, மூன்று நாளுக்கு முன்னறிவிப்பு தருகிறார்கள். மழை வருகிறதென்று வாசலுக்கு ஓடி நிற்பது நம் பழக்கம். மெல்போர்னில் தும்மல்காரர் யாராவது இதைப் பார்த்தால், சிவப்பு எச்சரிக்கை நாளில் முதல் காற்று வீசும் முன்பே ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.