மழைத்தொட்டித் தண்ணீரில் வீட்டு பீர்

நேயர்களுக்கு வணக்கம். நியூசிலாந்தில் ஊரை விட்டுத் தள்ளி இரண்டு மூன்று ஏக்கரில் வீடு, தோட்டம், கோழிக்கூண்டு என்று வாழும் இடத்துக்கு 'லைஃப்ஸ்டைல் பிளாக்' என்று பேர். தன் கையே தனக்கு உதவி என்று அங்கே குடியேறுபவர்களில் பலர் காய்கறிக்கும் முட்டைக்கும் அடுத்தபடியாக இறங்குவது பீர் காய்ச்சுவதில். சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே உரிமமும் வேண்டாம், வரியும் இல்லை. விற்றால்தான் வில்லங்கம். தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதால், நான் சொல்லும் செய்முறை அந்த நாட்டுக்கு மட்டும்.

போவதற்கு முன் இரண்டு விஷயம். அங்கே வசிப்புரிமை இல்லாத வெளிநாட்டவர் வீடு வாங்க 2018-இல் கடுமையான கட்டுப்பாடு வந்துவிட்டது. எனவே விசா முதலில், நிலம் பிறகு. இன்னொன்று, விதையோ கிழங்கோ பெட்டியில் இருப்பதை விமான நிலையத்தில் சொல்லாமல் விட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம்.

இனி தண்ணீர். குழாய் வராத இடங்களில் கூரையில் விழும் மழைதான் குடிநீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 150 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் பெய்தால் கணக்குப்படி ஒன்றரை லட்சம் லிட்டர். குளோரின் இல்லாததால் பீரில் மருந்து வாடை வராது. ஆனால் மழைநீரில் கால்சியம் கிடையாது. கால்சியம் குறைந்தால் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஊறலின் புளிப்பு சரியாக அமையாது, ஈஸ்ட்டும் நன்றாகப் படியாது. 30 லிட்டருக்கு ஜிப்சம் 4 கிராம், கால்சியம் குளோரைடு 2 கிராம் போட்டால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் வந்துவிடும்.

எதை விளைவிப்பது, எதை வாங்குவது? பார்லியை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து மால்ட் ஆக்குவது ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும் வேலை. நம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டுவது மாதிரிதான். ஆனால் இதில் வெப்பம் கொஞ்சம் கூடினாலும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செத்துவிடும். மால்ட்டை வாங்குங்கள், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூவான ஹாப்ஸை வளர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். தெற்குத் தீவின் நெல்சன், மோட்டுவேக்கா பகுதி அந்நாட்டு ஹாப்ஸின் தாய்வீடு. குளிர்காலம் முடியும்போது பெண் செடியின் வேர்த்தண்டை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கவைத்து நட வேண்டும். ஐந்து மீட்டர் கயிறு கட்டி, கயிற்றுக்கு இரண்டு மூன்று தளிர் மட்டும் ஏற்றுங்கள். முதல் ஆண்டு காய்ப்பு சொற்பம். மூன்றாம் ஆண்டில்தான் முழுப் பலன். பிப்ரவரி கடைசி, மார்ச்சில் பறித்து 50 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள். பூவின் நடுக்காம்பை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் பூஞ்சை பிடிக்கும். வீட்டு ஹாப்ஸின் கசப்பு எவ்வளவு என்று அளவு தெரியாது. அதனால் கசப்புக்குக் கடைச் சரக்கு, மணத்துக்கு வீட்டுச் சரக்கு.

20 லிட்டருக்கான கணக்கு இது. அரைத்த வெளிர் மால்ட் நாலரை கிலோவை 74 டிகிரியில் உள்ள 13.5 லிட்டர் நீரில் கொட்டிக் கிளறினால் சூடு 66, 67-க்கு இறங்கும். மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். 70-ஐத் தாண்டினால் புளிக்காத சர்க்கரை மிஞ்சி பீர் திகட்டும். 75 டிகிரி நீர் 15 லிட்டரால் அலசி வடித்தால் சுமார் 24 லிட்டர் சாறு. ஒரு மணி நேரம் மூடாமல் கொதிக்க விடுங்கள். மூடினால் வேகவைத்த சோள வாடை அடிக்கும். கொதி வந்ததும், கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 12 சதவீதம் உள்ள ஹாப்ஸ் 20 கிராம். இறக்கும்போது வீட்டு ஹாப்ஸ் ஒரு கைப்பிடி.

கொதித்ததைக் குளிரவைக்கச் செம்புச் சுருளில் தண்ணீர் ஓடவிட்டால் தொட்டி நீர் 60 லிட்டருக்குக் குறையாமல் வடிகாலுக்குப் போகும். கோடையில் அது கட்டுப்படியாகாது. தண்ணீருக்குத் திண்டாடும் ஆஸ்திரேலியக்காரர்கள் வேறு வழி கண்டார்கள்: கொதிக்கும் சூட்டைத் தாங்கும் கெட்டிப் பிளாஸ்டிக் கேனில் சுடச்சுட ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக மூடி, கேனைப் பக்கவாட்டில் படுக்கவைப்பது. மூடியின் உள்பக்கமும் அந்தச் சூட்டிலேயே சுத்தமாகிவிடும். இதில் ஒரு விளைவு உண்டு: சூடு மெதுவாகத் தணிவதால் கடைசியில் போட்ட ஹாப்ஸும் கசப்பை இறக்கும், ஆகவே அதைக் கேன் ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். மறுநாளே ஈஸ்ட் போட்டுவிடுங்கள். மூடிய கேனை வாரக்கணக்கில் வைப்பது ஆபத்து.

உலர் ஈஸ்ட் 11 கிராம், 18 முதல் 20 டிகிரி. அந்நாட்டுப் பழைய வீடுகள் குளிர்காலத்தில் ஐஸ் பெட்டிதான். 15-க்குக் கீழ் போனால் ஈஸ்ட் தூங்கிவிடும். பழைய ஃபிரிட்ஜில் வெப்பக் கட்டுப்படுத்தி பொருத்தினால் கோடைக்கும் உதவும். சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.048-இல் தொடங்கி 1.011 பக்கம் வந்து, மூன்று நாள் அசையாமல் நின்றால்தான் பாட்டிலில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் பாட்டிலுக்குள் நொதித்தல் தொடர்ந்து கண்ணாடி வெடிக்கும். பாட்டிலில் நுரை எழ 20 லிட்டருக்குச் சர்க்கரை 120 கிராம், அதுவும் பீர் பாட்டிலில். ஒயின் பாட்டில் அழுத்தம் தாங்காது.

வடித்த சக்கையை அன்றே கோழிக்குப் போடுங்கள், மறுநாள் புளித்துவிடும். ஹாப்ஸ் சக்கையை மட்டும் நாய் எட்டாத இடத்தில் புதையுங்கள். அதைத் தின்ற நாய்க்கு உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம்.