சீட்டாட்டக் கடனுக்கு வந்த மருமகள்

நடுவர் அவர்களுக்கும், இரு அணித் தோழர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன கோடையில் நாம் இரண்டு பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு தெற்கு இங்கிலாந்தில் சிசெஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குட்வுட் எஸ்டேட்டுக்குப் போய்வந்தோம். திரும்பி வரும்போது வண்டியில் ஆரம்பித்த சண்டைதான் இன்றைய தலைப்பு. ரிச்மண்ட் பிரபுக்களின் அந்த எஸ்டேட்டுக்குப் பெருமை விளையாட்டாலா, உறவுகளாலா? நான் உறவுகள் பக்கம் நிற்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி அருமையாகப் பேசினார். 1727ல் எழுதிய கிரிக்கெட் விதிகள், 1802ல் தொடங்கிய குதிரைப் பந்தயம், 1948ல் திறந்த கார்ப் பந்தயப் பாதை, 1993ல் ஆரம்பித்த வேகத் திருவிழா என்ற கார் விழா என்று அடுக்கினார். அத்தனையும் உண்மை. ஆனால் உட்காரப் போகும்போது ஒன்று சொன்னார் பாருங்கள்! "உறவு, உறவு என்கிறார்களே, அந்த வீட்டில் கல்யாணமே சீட்டாட்டக் கடனுக்காக நடந்தது. தருமர் பாஞ்சாலியை வைத்து ஆடினார். இவர்கள் பெற்ற பிள்ளைகளை வைத்து ஆடினார்கள். இதுவா உறவு?" என்றார். மண்டபமே அதிர்ந்தது. பின்வரிசையில் ஓர் அண்ணன் விசிலே அடித்துவிட்டார். அண்ணா, அந்த விசிலை என் பக்கம் திருப்பாமல் நான் மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.

தம்பி, கல்யாணத்துக்குப் போய், தாலி கட்டியதும் பந்தியில் உட்காராமல் எழுந்து வந்த மாதிரி, பாதிக் கதையிலேயே வந்துவிட்டீர்கள். மீதியை நான் சொல்கிறேன்.

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு ஒரு பிரெஞ்சுக் காதலி இருந்தார். அவர்களுக்குப் பிறந்தவர்தான் முதலாம் ரிச்மண்ட் பிரபு. 1697ல் குட்வுட்டை வாங்கியவர் அவர்தான். எதற்கு வாங்கினார்? பக்கத்தில் சார்ல்டன் கிராமத்தில் நரி வேட்டை பிரபலம், அதற்கு வந்தால் தங்க ஒரு வீடு வேண்டும். சரி, இந்தப் பாயிண்ட் உங்களுக்கு, வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெரிய சூதாடி. கடோகன் பிரபு என்ற படைத்தளபதியோடு ஆடித் தோற்று, கடனாகிவிட்டது. கடனைத் தீர்க்க வழி தேடினார்கள். இவருக்கு ஒரு மகன், அவருக்கு ஒரு மகள். முடித்துவிடலாம் என்று இரண்டு அப்பாக்களும் பேசிக்கொண்டார்கள். 1719ல் ஹாலந்தில், ஹேக் நகரத்தில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அப்போது மார்ச் பிரபு என்று பட்டம், வயது 18. பெண் சாரா, பதின்ம வயதை அப்போதுதான் தொட்ட சிறுமி. அவளை அழைத்துவந்து நிறுத்துகிறார்கள். மாப்பிள்ளை பார்க்கிறார். "இந்த அழகில்லாத பெண்ணையா என் தலையில் கட்டப்போகிறீர்கள்?" என்று எல்லோர் முன்னாலும் கத்துகிறார். அந்தக் குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை.

தாய்மார்களே, அந்தச் சிறுமி நின்ற நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்தக் கல்யாணம் தவறு. இந்த இடம் வரைக்கும் தம்பி சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை.

கல்யாணம் முடிந்தது. பெண் அம்மாவோடு போய்விட்டாள். மாப்பிள்ளை ஒரு வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டார். ஒரு வருடம் இல்லை, இரண்டு வருடம் இல்லை, மூன்று வருடம். திரும்பி வந்தார். இறங்கியதும் மனைவியைப் பார்க்கப் போனாரா? போகவில்லை. போனால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று நாடகம் பார்க்கப் போய்விட்டார்.

அங்கேதான் நாடகமே நடந்தது. மேடையில் இல்லை, எதிரே இருந்த இருக்கையில். ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அரங்கில் பாதிப் பேர் மேடையை விட்டுவிட்டு அவளைத்தான் பார்க்கிறார்கள். நம் ஆளும் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். பக்கத்தில் இருந்தவரைத் தொட்டு, "யார் அந்தப் பெண்?" என்று கேட்டார். அந்த மனிதர் இவரை மேலும் கீழும் பார்த்து, நீங்கள் ஊருக்குப் புதிதா, அந்தப் பெண்ணைத் தெரியாதா, ஊரே கொண்டாடும் மார்ச் சீமாட்டி அல்லவா என்றார்.

மார்ச் சீமாட்டி! மார்ச் பிரபு யார்? கேள்வி கேட்டவர்தான்! தன் பெண்டாட்டி பெயரை அடுத்த இருக்கைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இங்கே இருக்கும் அண்ணன்மார்கள் மனைவி பிறந்தநாளைத்தான் மறப்பீர்கள். அவர் மனைவியையே மறந்திருந்தார்.

இன்னொரு தடவை சொல்கிறேன், இந்தத் தடவை சாரா பக்கத்திலிருந்து. மூன்று வருடத்துக்கு முன்னால் நாலு பேர் நடுவே தன்னை அவமானப்படுத்திய மனிதன் எதிரே வந்து நிற்கிறான். கண்ணில் ஆசை தெரிகிறது, வாயில் பேச்சு வரவில்லை. அவள் நினைத்திருந்தால் அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தையில் பழி தீர்த்திருக்கலாம். மொத்த ஊரும் அவள் பக்கம் நின்றிருக்கும். அவள் அவரோடு வீட்டுக்குப் போனாள். பரம்பரை பரம்பரையாக அந்தக் குடும்பத்தில் சொல்லிவரும் கதை இது. பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதிவைத்தார்கள். சீட்டில் தோற்ற கணக்கை அந்த வீட்டில் யாரும் இத்தனை ஆசையாகச் சொல்லவில்லை.

தம்பி தருமரைச் சொன்னார். நான் நளனைச் சொல்கிறேன். சூது பிரித்தது, விதி பிரித்தது. கடைசியில் நளனும் தமயந்தியும் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள். நளன் கதையில் நமக்கு நிற்பது சொக்கட்டானா, தமயந்தியா? நடுவர் அவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் என்ன ஆனது? 12 குழந்தைகள். கல்யாணமாகி இருபது வருடம் கழித்து ஒரு நடன விருந்து. ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர், ஊரில் எல்லோரையும் கிண்டல் செய்யும் மனிதர், அந்த விருந்தைப் பற்றி ஒரு கடிதம் எழுதுகிறார். அப்பாவுக்குப் பிறகு ரிச்மண்ட் பிரபு ஆகிவிட்ட நம் மாப்பிள்ளை, இரவு முழுக்கத் தன் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் கையை முத்தமிட்டுக்கொண்டிருந்தார் என்று எழுதுகிறார். அவருக்கே அதிசயமாக இருந்திருக்கிறது! அந்தக் காலத்துப் பிரபுக்கள் வீட்டில் கணவன் ஓர் ஊரில், மனைவி ஓர் ஊரில் இருப்பதுதான் வழக்கம். இந்த இரண்டு பேரும் குட்வுட்டில் ஒன்றாக இருந்தார்கள். ஒன்றாக இருந்ததால்தான் அது வீடு ஆனது. இல்லாவிட்டால் வேட்டைக்கு வந்து தங்கிப் போகும் சத்திரமாகவே இருந்திருக்கும்.

இப்போது விளையாட்டுக்கு வருகிறேன். தம்பி சொன்ன 1727 விதிகளை எழுதியவர் யார்? இதே மாப்பிள்ளைதான், அப்போது இரண்டாம் ரிச்மண்ட் பிரபு ஆகிவிட்டார். பிராட்ரிக் என்ற கனவானோடு பந்தயம் கட்டி ஆடுவதற்காக எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அது. பக்கத்துக்கு 12 பேர். விக்கெட்டுக்கு விக்கெட் 23 கஜம். ஓட்டம் எடுத்தால் நடுவர் கையில் இருக்கும் கோலைத் தொட வேண்டும். அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. ஆட்டத்தைப் பற்றி எந்த ஆட்டக்காரராவது வாயைத் திறந்து கருத்துச் சொன்னால் வெளியே போக வேண்டும். பிரபுவும் பிராட்ரிக்கும் மட்டும் பேசலாம்! இதை எதற்கு எழுதினார்கள்? ஆட்டத்தில் சண்டை வந்து, உறவு கெட்டுப்போகக் கூடாது என்றுதானே? மனிதரோடு மனிதர் முகம் பார்க்க வேண்டும் என்ற கவலையிலிருந்து வந்த விதி அது.

அதே பிரபுவின் குதிரை லாயத்தில் தாமஸ் வேமார்க் என்று ஒருவர் வேலை பார்த்தார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர். குதிரைக்குப் புல் போடுகிறவரும் மன்னரின் பேரனும் ஒரே அணியில்! எட்டிப் பேசவே முடியாத தூரத்தில் இருந்த இரண்டு பேரை ஒரே புல்தரையில் நிறுத்தினார்கள். வேமார்க் என்ற பெயர் முந்நூறு வருடம் கழித்தும் நமக்குத் தெரிகிறதே, அது எனக்குப் பெரிய விஷயம்.

1802 குதிரைப் பந்தயமும் அப்படித்தான். அந்தப் பகுதிப் படை அதிகாரிகள் பெட்வொர்த் எஸ்டேட்டில் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே இனி இடம் இல்லை என்றானது. என் இடத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார் மூன்றாம் பிரபு. போக இடம் இல்லாதவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டதால் பிறந்த மைதானம் அது. கார்ப் பாதையும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே விமானத்தளம் இருந்தது. ஓடுபாதையைச் சுற்றிப் போன சாலையில் பந்தயம் விடலாமே என்று ஒன்பதாம் பிரபுவிடம் சொன்னவர் டோனி கேஸ் என்ற ஆஸ்திரேலியப் போர் விமானி. வந்து தங்கிய விருந்தாளி சொன்ன யோசனையை அந்த வீடு காதில் வாங்கிக்கொண்டது. இன்னும் இரண்டு மூன்று உதாரணம் வைத்திருக்கிறேன், அவையெல்லாம் போகட்டும். நடுவர் மணி அடித்துவிட்டார். எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் வேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை.

சாராவின் மூத்த மகள் பெயர் காரலைன். அவளுக்கு ஹென்றி ஃபாக்ஸ் என்ற அரசியல்வாதி மேல் காதல். அவருக்கு இவளைவிடப் பதினெட்டு வயது அதிகம். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. 1744ல் அந்தப் பெண் யாருக்கும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள். சீட்டாட்டக் கடனில் தொடங்கித் தாங்களே காதலைக் கண்டுபிடித்த அந்த அப்பாவும் அம்மாவும் மகள் முகத்தில் விழிக்க மறுத்துவிட்டார்கள். நான்கு வருடம். இடையில் பேரப்பிள்ளை பிறந்தான். அப்போதும் கதவு திறக்கவில்லை. 1748ல் அந்த அப்பாவால் முடியவில்லை. கடிதம் எழுதினார். நீ செய்தது தப்பு என்று ஆரம்பித்து, பெற்ற பாசத்தை ஜெயிக்க முடியவில்லை, வா என்று அழைக்கிற கடிதம். மகள் வந்தாள்.

இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்கு இது வேற்று நாட்டுக் கதையாகத் தெரிகிறது? எனக்குத் தெரியவில்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு என் அப்பா மூன்று வருடம் என்னோடு பேசவில்லை. நான் இந்த ஊருக்கு வந்த முதல் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. எடுத்தேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அங்கே ரொம்பக் குளிராமே?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போன வாரம் அந்த 1748 கடிதத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

குட்வுட் தோட்டத்தில் ஒரு சின்னக் கிளிஞ்சல் வீடு இருக்கிறது. 1740களில் சாராவும் மகள்களும் சேர்ந்து செய்தது. கப்பல்களில் வந்த கிளிஞ்சல்கள், ஐந்து லட்சம் என்கிறார்கள், ஏழு வருட வேலை. ஒவ்வொன்றாக எடுத்து, நிறம் பார்த்து, அளவு பார்த்து, சுவரிலும் கூரையிலும் பூப்பூவாக ஒட்டியிருக்கிறார்கள். அதே 1740களில்தான் காரலைன் வீட்டை விட்டுப் போனாள். மகளைப் பார்க்காத அந்த நாட்களில் எந்தக் கிளிஞ்சலைக் கையில் எடுத்து அந்த அம்மா எவ்வளவு நேரம் வைத்திருந்தாளோ!

1750ல் பிரபு இறந்தார், 49 வயதில். சாரா அதன் பிறகு ஒரு வருடம்தான் இருந்தாள். கைக்குழந்தை உட்பட மூன்று தங்கைகளை இரண்டாவது மகள் எமிலி அயர்லாந்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் வளர்த்தாள். எமிலிக்கு அப்போது இருபது வயது.

தம்பி, அந்தக் கிளிஞ்சல் வீட்டின் தரையில் என்ன பதித்திருக்கிறார்கள் தெரியுமா? குதிரைப் பற்கள். வேட்டைக்குப் போன, பிரபுக்கள் ஏறிய குதிரைகள். அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சுவரை எங்களுக்கு விட்டுவிடுங்கள், அதில் ஓர் அம்மாவின் விரல் பட்டிருக்கிறது.

நன்றி, வணக்கம்.