சென்னை வெக்கையில் சிகார்: 70 சதவீதம் சரிப்படாது

வணக்கம். முதலில் கடமையை முடித்துவிடுகிறேன். புகைப்பழக்கம் புற்றுநோயை உண்டாக்கும், உயிரைக் கொல்லும். யாரையும் பிடிக்கச் சொல்லும் வீடியோ இல்லை இது. ஏற்கெனவே பிடிப்பவர்கள் சிலர், வெளிநாட்டிலிருந்து வந்த சிகார் பெட்டியைப் பீரோவில் வைத்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் பேசுகிறேன்.

எங்கே தேடினாலும் ஒரே விதிதான் கிடைக்கும்: 70 சதவீத ஈரப்பதம், 70 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 21 டிகிரி செல்சியஸ். இது குளிர்நாட்டு விதி. அங்கே பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடும், வீட்டுக்குள் காற்று காய்ந்துபோகும். பெட்டிக்குள் எப்படி ஈரத்தை ஏற்றுவது என்பது அவர்கள் கவலை. நான் இருப்பது திருவான்மியூரில். முறுக்கு டப்பாவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலே நமுத்துப்போகிற இடம். இங்கே ஈரத்தைத் தேடிப் போக வேண்டாம், அதுவே வரும். நமக்குப் பிரச்சினை வெக்கை.

ஏன் என்று சொல்கிறேன். ஈரப்பதமானி காட்டுவது ஒப்பு ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்ற கணக்கு. 21 டிகிரியில் 70 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 13 கிராம் நீராவி. 31 டிகிரியில் அதே 70 சதவீதம் என்றால் சுமார் 22 கிராம். மீட்டரில் எண் மாறவில்லை, ஆனால் தண்ணீர் முக்கால் பங்கு கூடிவிட்டது. இப்போது ராத்திரி ஏசி போடுகிறீர்கள், அறை 24-க்கு இறங்குகிறது. 24 டிகிரிக் காற்றால் 22 கிராமைத் தாங்க முடியாது. பெட்டி நிறைய சிகார் இருந்தால் இலையும் மரமும் அந்த உபரியை உறிஞ்சிக்கொள்ளும். நாலைந்து சிகார் மட்டும் கிடக்கிற பிளாஸ்டிக் டப்பா என்றால் மூடியின் உள்பக்கம் வேர்க்கும். காலையில் ஏசியை நிறுத்தினால் மறுபடி ஏறும். தினம் இப்படி ஏறி இறங்கினால் இலை உப்பிச் சுருங்கி, கடைசியில் மேல் இலை வெடிக்கும். உள்ளே இருப்பதைவிட மேல் இலை மெல்லியது, அதுதான் முதலில் தாங்காமல் போகும்.

அதனால் நான் 65 சதவீத ஈரப்பதத்தில் வைக்கிறேன். கியூபா சிகார் பிடிப்பவர்களில் நிறைய பேர் குளிர்நாட்டிலும் 65 அல்லது 62 தான் வைக்கிறார்கள், இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஈரம் கூடினால் புகை இழுபடாது, பாதியில் அணையும், ஒரு பக்கமாக எரியும். குறைந்தால் சூடாக, வேகமாக எரியும், மேல் இலை பொரிப்பொரியாக உதிரும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கொஞ்சம் காய்ந்த சிகாரை மெதுவாக மீட்டுவிடலாம், பூஞ்சை உள்ளே இறங்கிய சிகாரைக் குப்பையில்தான் போட வேண்டும்.

சரி, பெட்டி. இதோ, இந்த மரப்பெட்டி பார்க்க அழகாக இருக்கிறது. உள்ளே ஸ்பானிஷ் சிடார் பலகை. தாவரவியலில் செட்ரெலா ஓடொராட்டா, நம் வேப்ப மரத்தின் குடும்பம். அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப மண்டலக் காடுகளில் வளர்கிறது. ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், எளிதில் முறுக்கிக்கொள்ளாது, வாசனையும் சிகாரோடு ஒத்துப்போகும். எல்லாம் நல்ல மரம்தான், ஆனால் மூடி எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்று பாருங்கள். ஒரு தாளை விளிம்பில் வைத்து மூடி இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஐப்பசி மழைக்காற்று அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகும்.

அழகுக்கு விலை உண்டு என்பது வேறு விஷயம். கென்னடிக்கு நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் பரிசளித்த ஹ்யூமிடர், அதாவது சிகார் வைக்கும் மரப்பெட்டி, 1996-இல் சதபீஸ் ஏலத்தில் 5,74,500 டாலருக்குப் போனது. வாங்கியவர் ஒரு சிகார் பத்திரிகையின் அதிபர். நமக்கு அந்தக் கவலை இல்லை. சமையலறைப் பாத்திரக் கடையில் கிடைக்கும், ரப்பர் வளையமும் நாலு பக்கம் கிளிப்பும் உள்ள காற்றுப்புகா டப்பா போதும். உள்ளே ஒரு சிடார் பலகைத் துண்டு போடுங்கள். அழகாகவே இருக்காது, வேலை செய்யும். மரப்பெட்டிதான் வேண்டும் என்றால் முதலில் அதைப் பழக்க வேண்டும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பலகை கோணிக்கொள்ளும். 84 சதவீத பாக்கெட்டை உள்ளே வைத்து இரண்டு வாரம் மூடிவிடுங்கள், போதும்.

பாக்கெட் என்றேனே, இதுதான் அது. போவேடா என்ற நிறுவனத்தின் பெயரே இந்தப் பொருளுக்கு ஆகிவிட்டது. உள்ளே உப்புக் கரைசல். ஈரம் குறைந்தால் விடும், கூடினால் வாங்கும். நம் ஊருக்கு அந்த வாங்கும் வேலைதான் முக்கியம். சாதாரணப் பெட்டியோடு வரும் பச்சை ஸ்பாஞ்ச் ஈரத்தை விட மட்டும்தான் லாயக்கு, கழற்றிப் போட்டுவிடுங்கள். 25 சிகாருக்கு 60 கிராம் பாக்கெட் ஒன்று என்று அவர்களே சொல்கிறார்கள். கெட்டியாகிக் கல் மாதிரி ஆனால் மாற்ற வேண்டும்.

பெட்டியோடு வரும் முள் மீட்டரையும் நம்ப வேண்டாம். டிஜிட்டல் வாங்குங்கள், அதையும் சோதியுங்கள். பாட்டில் மூடியில் தூள் உப்பு, அதில் சில சொட்டுத் தண்ணீர். உப்பு கரையக் கூடாது, ஈர மணல் பதத்தில் இருக்க வேண்டும். மூடியையும் மீட்டரையும் ஜிப் பையில் போட்டு ஒரு நாள் விடுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மீட்டர் 4 குறைவாகப் படிக்கிறது, அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். கடைச் சோதனை எதுவும் இதைவிட நம்பகம் இல்லை என்பேன்.

இப்போது எல்லோரும் பயப்படும் ஆள். சிகார் வண்டு, லேசியோடெர்மா செரிகார்னி. பழுப்பு நிறம், இரண்டு மூன்று மில்லிமீட்டர். உங்கள் வீட்டு மஞ்சள் கிழங்கு, மிளகாய், மல்லி டப்பாவில் பார்த்திருப்பீர்கள், அதே வண்டுதான். முட்டை புகையிலையோடே வந்துவிடும். குளிரில் மந்தமாகக் கிடக்கும், 22, 23 டிகிரிக்கு மேலே போனால் வேகமாகப் பொரிக்க ஆரம்பிக்கும். நம் வீட்டில் எந்த அறை 23-இல் இருக்கிறது? சிகாரில் குண்டூசித் துளை மாதிரி வட்டமாகத் தெரிந்தால் அதுதான். பெரிய நிறுவனங்கள் அனுப்புவதற்கு முன் உறையவைத்துத்தான் அனுப்புகின்றன. எங்கிருந்து வந்தது என்று தெரியாத சிகார் என்றால் நீங்களும் செய்யுங்கள். இரட்டை ஜிப் பையில் போட்டு, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியிலோ அதைவிடக் குளிரிலோ மூன்று நாள். அங்கிருந்து நேராக வெளியே எடுக்காமல் ஃபிரிட்ஜின் கீழ்ப்பகுதியில் ஒரு நாள், அப்புறம்தான் வெளியே. அவசரப்பட்டால் மேல் இலை விரியும். ஃபிரிட்ஜிலேயே நிரந்தரமாக வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். காற்று காய்ந்தது, மீன் குழம்பு வாசனை வேறு.

எங்கே வைப்பது? வெயில் படாத உள்சுவர்ப் பக்கம், மர அலமாரியின் கீழ்த்தட்டு. மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரண் கூடவே கூடாது. அப்புறம் அந்துருண்டை! துணி பீரோவில் அந்துருண்டை போடுவீர்கள். சிகார் அந்த வாசனையைக் குடித்துவிட்டால் எந்தப் பாக்கெட்டாலும் எடுக்க முடியாது. நிறைய சேர்த்து வைப்பவர்கள் சின்ன வைன் ஃபிரிட்ஜ் வாங்கி 18 டிகிரியில் வைக்கிறார்கள். மின்வெட்டு இல்லாத இடம் என்றால் அது நல்ல செலவுதான்.

சிகார் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் ‘அது எண்ணெய் படிகம், நன்றாக முதிர்ந்ததற்கு அடையாளம்’ என்று கடைக்காரர் சொல்வார். நான் நம்புவதில்லை. பஞ்சு மாதிரி, புள்ளி புள்ளியாக, பச்சை அல்லது சாம்பல் சாயலில் இருந்தால் பூஞ்சை. பாதத்தில், அதாவது பற்றவைக்கும் முனைக்குள் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், வெளியே எறியுங்கள்.

கடைசியாக, உறையூர் சுருட்டையும் இதே டப்பாவில் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சர்ச்சிலுக்குப் போன சுருட்டு என்று அந்த ஊரில் பெருமையாகச் சொல்வார்கள், அதில் நியாயமான பெருமை இருக்கிறது. ஆனால் அதன் வாசனை பலமானது, மென்மையான சிகாரோடு சேர்த்தால் எல்லாம் ஒரே வாசனையாகிவிடும். தனி டப்பா, அதே 65 பாக்கெட், போதும். கட்டாக வாங்கியிருந்தால் காகிதத்தைப் பிரித்துவிட்டு வையுங்கள், இந்த ஊரில் அந்தத் தாள்தான் முதலில் பூக்கும். சரி, கேமராவில் பேட்டரி சிவப்பு காட்டுகிறது, நிறுத்துகிறேன்.